ஒலி போகாத வால்வு

ஒரு பழைய கிட்டார் ஆம்ப்பின் பின்பலகையைக் கழற்றினால் நான்கைந்து கண்ணாடி வால்வுகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். கம்பி அதிரும்போது பிறக்கும் நுண்ணிய மின் அலை முதல் சிறிய வால்வுக்குள் நுழைகிறது. அங்கே பெருகி அடுத்ததற்குப் போகிறது. கடைசியில் தடித்த வால்வுகளின் வழியாக ஸ்பீக்கருக்கு வந்து சேர்கிறது. இவற்றிலிருந்து சற்று விலகி, டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி, இன்னொரு வால்வு நிற்கும். பாட்டு அதன் வழியாக ஒரு நொடிகூடப் போவதில்லை. அதுதான் ரெக்டிஃபயர். சுவரிலிருந்து வரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக்கி மற்ற வால்வுகளுக்குக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை.

இருந்தும், அந்த ஒன்றைக் கழற்றி வேறு எண் கொண்ட ஒன்றைச் செருகினால் ஆம்ப்பின் குரலே மாறிவிடும் என்று உலகமெங்கும் கிட்டார் வாசிப்பவர்கள் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று பார்ப்பதற்குத் திண்டுக்கல் சமவெளி நல்ல இடம். காரணம், இங்கே ரெக்டிஃபயரின் தலைவிதியைத் தீர்மானித்ததில் இசை ரசனையைவிடக் கிணற்று மோட்டாருக்குப் பங்கு அதிகம்.

சிற்றூர் மேடைகளில் கிட்டாருக்கென்று தனி ஆம்ப் வந்தது பிற்பாடுதான். அதுவரை மைக் செட் ஆம்ப்பிலேயே அதையும் செருகினார்கள். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்கு இசையமைத்த இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரமும் திண்டுக்கல்லும் அப்போது ஒரே மதுரை மாவட்டத்தில் இருந்தன. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். அவருடைய பாடல்களை மேடையில் வாசிக்க வேண்டுமென்றால் மெல்லிசைக் குழுவுக்குக் கிட்டார் வேண்டும், பேஸ் கிட்டார் வேண்டும். இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் பாடகரின் மைக் போய்ச் சேர்ந்த அதே தகரப் பெட்டி. ஆகவே ஃபெண்டர், மார்ஷல் என்று அயல்நாட்டு நூல்கள் பேசும் இடத்தில், நாம் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் போன மைக் செட்டை வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் இயற்பியல் ஒன்றுதான்.

வால்வுக்கு எதற்கு டி.சி.? எலக்ட்ரான்கள் சூடான கேத்தோடிலிருந்து கிளம்பி, நேர்மின்னழுத்தம் கொண்ட ஆனோடுக்குப் போக வேண்டும். ஆனோடு நேராகவும் எதிராகவும் மாறிக்கொண்டே இருந்தால் பாட்டுக்குப் பதில் உறுமல்தான் கேட்கும். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை சுழல்கிறது. முழு அலை ரெக்டிஃபயர் அந்தச் சுழற்சியின் இரண்டு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்பிவிடுவதால் நொடிக்கு 100 துடிப்புகள் கிடைக்கின்றன. அவற்றைக் கண்டென்சரும் சோக் என்னும் கம்பிச் சுருளும் சமன் செய்கின்றன. சரியாகச் சமன் ஆகாவிட்டால் 100 ஹெர்ட்ஸில் ஒரு முனகல். கிட்டாரின் ஆறாம் கம்பியை மூன்றாவது கட்டத்தில் அழுத்தினால் வரும் சுரம் 98 ஹெர்ட்ஸ். இரண்டும் உரசினால் நொடிக்கு இரண்டு முறை விம்மல் எழும். பழைய ஆம்ப்பில் அந்த ஒரு சுரம் மட்டும் கோணலாக ஒலித்தால் கிட்டாரைக் குறை சொல்வதற்குமுன் கண்டென்சரைப் பாருங்கள்.

ஒருவழி மின்பாதை என்ற கருத்துக்கு இரண்டு தாய்வீடுகள் உண்டு. எடிசன் 1880களில் தன் விளக்குகளுக்குள், சூடான இழையிலிருந்து பக்கத்துத் தகட்டுக்கு வெற்றிடத்தின் வழியே மின்னோட்டம் பாய்வதைக் கண்டார். ஆனால் அதைப் பெரிதாகத் தொடரவில்லை. அதை 1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் வானொலி அலைகளைக் கண்டுபிடிக்கும் கருவியாக்கினார். முதல் டையோடு வால்வு அதுதான். அதே 1904இல், ஃபிளெமிங்குக்குச் சில மாதங்கள் முன்பாக, கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸுக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு மின் அலைகளை உணரும் கருவி அது, விண்ணப்பித்தது 1901இல். வெற்றிடமும் வேண்டாம், சூடும் வேண்டாம், படிகமே போதும் என்ற வழி. குறைக்கடத்திச் சாதனத்துக்குக் கிடைத்த முதல் காப்புரிமையாக அதைச் சொல்வார்கள். வால்வும் படிகமும் ஒரே ஆண்டில் பதிவேடு ஏறி, அறுபது ஆண்டுகள் கழித்து மைக் செட்டுக்குள் நேருக்கு நேர் மோதின. அந்த மோதலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ரெக்டிஃபயர் வால்வுக்குள் இருப்பது மிகக் கொஞ்சம். பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகள் பூசிய ஒரு கேத்தோடு, அதைச் சூடாக்க ஓர் இழை (நேரடிச் சூடேற்று வகையில் இழையே கேத்தோடு), சுற்றிலும் இரண்டு ஆனோடுகள். பூச்சு செஞ்சூடாகும்போது எலக்ட்ரான்கள் வெளியே குதிக்கின்றன. ஆனால் குதித்த எல்லாமே உடனே ஆனோடுக்கு ஓடிவிடுவதில்லை. கேத்தோடை ஒட்டியே திரண்டு நிற்கின்றன. எதிர்மின் சுமை கொண்ட அந்தத் திரள் பின்னால் வரும் எலக்ட்ரான்களைத் திரும்பத் தள்ளுகிறது. அதை மீறி மின்னோட்டம் பாய வேண்டுமென்றால் ஆனோடு கூடுதலாக இழுக்க வேண்டும். அந்த இழுப்புக்குச் செலவாகும் வோல்டேஜ் வால்வுக்குள்ளேயே தொலைந்துபோகிறது.

எவ்வளவு தொலையும் என்பதற்குக் கணக்கு உண்டு. சைல்டு 1911இலும் லாங்மியூர் 1913இலும் வகுத்த விதியின்படி, மின்னோட்டம் மின்னழுத்தத்தின் ஒன்றரை அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 5ஒய்3ஜிடி என்ற எளிய ரெக்டிஃபயரை எடுத்துக்கொள்வோம். 125 மில்லி ஆம்பியர் பாயும்போது அதற்குள் சுமார் 60 வோல்ட் விழுகிறது. பாதிக்குச் சற்றுக் கீழே, 60 மில்லி ஆம்பியர் மட்டும் எடுத்தால் 37 வோல்ட் அளவுக்கு விழும். பாதியாக, அதாவது 30ஆக, இறங்கிவிடுவதில்லை. சிலிக்கான் டையோடில் இதே வீழ்ச்சி எவ்வளவு ஓட்டத்துக்கும் ஒரு வோல்டை ஒட்டியே நிற்கும். வால்வுக்கும் சிலிக்கானுக்கும் இடையே இசைக்காரர்கள் சொல்லும் வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த ஒரே கணக்கிலிருந்து கிளைத்தவை.

எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அமெரிக்கப் பெயரில் முதல் எண் இழைக்கு வேண்டிய வோல்டேஜ்: 5ஒய்3, 5யு4 இரண்டுக்கும் 5 வோல்ட். ஐரோப்பியப் பெயரில் அதை முதல் எழுத்து சொல்லும். ஜி என்றால் 5 வோல்ட், ஈ என்றால் 6.3, யு என்றால் 100 மில்லி ஆம்பியர் தொடர் இணைப்பு. இரண்டாம் எழுத்து இசட் என்றால் முழு அலை ரெக்டிஃபயர், ஒய் என்றால் அரை அலை. ஜிஇசட்34 என்பது 5 வோல்ட் முழு அலை ரெக்டிஃபயர். ஈஇசட்80, ஈஇசட்81 ஆகியவை 6.3 வோல்ட்காரர்கள், வீட்டு ரேடியோக்களில் அதிகம் உட்கார்ந்தவர்கள். யுஒய்85 என்று கண்டால் மட்டும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். அது ஏ.சி./டி.சி. இரண்டிலும் ஓடும் செட். மெயின் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, சேசிஸ் நேரடியாக லைனோடு சேர்ந்திருக்கும். அதில் கிட்டாரைச் செருகுபவர் தன் உயிரையும் சேர்த்துச் செருகுகிறார்.

இனி மாற்றும் வேலை. 5ஒய்3, 5யு4, ஜிஇசட்34 மூன்றும் எட்டுக்கால் ஆக்டல் அடி கொண்டவை. ஒரே சாக்கெட்டில் ஏறும். திண்டுக்கல் பூட்டில் வேற்றுச் சாவி உள்ளே நுழைந்தாலும் திரும்பாது. இந்தச் சாக்கெட்டில் திரும்பியும்விடும், ஆம்ப்பும் பாடும், ஆபத்து அதனால்தான்.

முதலில் இழையின் பசி. 5ஒய்3 எடுப்பது 2 ஆம்பியர். 5யு4ஜிபி எடுப்பது 3 ஆம்பியர். 10 வாட்டுக்குச் சுற்றப்பட்ட ஒரு சுற்றிலிருந்து 15 வாட் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மர் முதல் பாட்டிலேயே புகையாது. மூன்று மணி நேரக் கச்சேரியில், மே மாதத் திண்டுக்கல் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே மெல்ல வேகும். பழைய ஆம்ப்பில் திரும்பக் கிடைக்காத ஒரே பாகம் டிரான்ஸ்ஃபார்மர்தான். வால்வை இன்றும் வாங்கலாம். ஸ்லோவாக்கியாவின் ஜேஜே ஜிஇசட்34 தயாரிக்கிறது. ஆனால் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாகச் சுற்றித் தரும் ஆளைத் தேடிப் பாருங்கள், அப்போது விலை புரியும்.

ஜிஇசட்34இன் இழை 1.9 ஆம்பியர்தான் கேட்கிறது. அதனால் 5ஒய்3 இருந்த இடத்தில் அது பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். இழைக்கு அது சரி. ஆனால் அதன் வோல்டேஜ் வீழ்ச்சி மிகக் குறைவு: 225 மில்லி ஆம்பியரில் 17 வோல்ட். ஆகவே இதுவரை 350 வோல்ட் வாங்கிக்கொண்டிருந்த அவுட்புட் வால்வுகளுக்கு இப்போது 385, சில சமயம் 400 போகும். ஏறத்தாழ 10 சதவீத உயர்வு என்று வையுங்கள். வாட் கணக்கில் அது 21 சதவீதம். காதுக்கு எவ்வளவு தெரியும்? ஒரு டெசிபெல்கூட முழுதாக இல்லை, 0.8 டெசிபெல். அடுத்தடுத்து ஒப்பிட்டுக் கேட்டாலே சந்தேகத்தோடு தலையசைக்கும் அளவு. ஆனால் 12 வாட் வெப்பத்தைத் தாங்கக்கூடிய 6வி6 வால்வு ஏற்கெனவே 12 வாட்டில் ஓடிக்கொண்டிருந்தால், இனி 14க்கு மேல் சுமக்கும். ஒலிபெருக்கியில் கேட்காத மாற்றம் ஆனோடில் சிவப்பாகத் தெரியும். இது நல்ல பேரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

'தொய்வு' என்று கிட்டார்காரர்கள் உருகிப் பேசுகிறார்களே, அது என்ன? பலமாக மீட்டியவுடன் அவுட்புட் வால்வுகள் அதிக மின்னோட்டம் கேட்கின்றன. ரெக்டிஃபயருக்குள் வீழ்ச்சி கூடுகிறது, எல்லோருக்கும் போகும் வோல்டேஜ் ஒரு கணம் இறங்குகிறது, சுரத்தின் முதல் அடி சற்று அமுங்குகிறது. சுரம் தேயும்போது வோல்டேஜ் மீண்டும் ஏறுகிறது. அடி மழுங்கி, நாதம் நீண்டதுபோல் ஒரு உணர்வு. ப்ளூஸ் வாசிப்பவர்களுக்கு இது பிடிக்கிறது. வேகமாகவும் கறாராகவும் வாசிப்பவர்களுக்குப் பிடிப்பதில்லை. ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்து லண்டனில் ஜிம் மார்ஷலின் கடை 1962இல் உருவாக்கிய ஜேடிஎம்45இல் ஜிஇசட்34 இருந்தது. அதே பத்தாண்டு முடிவதற்குள் மார்ஷல் ஆம்ப்கள் சிலிக்கானுக்குப் போய்விட்டன.

தொய்வு இருப்பது உண்மை. ஆனால் பழி முழுவதும் ரெக்டிஃபயர் மீது போடுவதற்கில்லை. அவுட்புட் வால்வுகள் ஜோடியாக மாறி மாறி உழைக்கும் ஒரு பெரிய புஷ்-புல் ஆம்ப் அமைதியில் 90 மில்லி ஆம்பியரும் உச்சத்தில் 180ம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 5யு4க்குள் வீழ்ச்சி 24இலிருந்து 38 வோல்டாகும். 14 வோல்ட் வித்தியாசம். நானூற்றுச் சொச்சத்தில் இது பெரிய தொகை அல்ல. மீதித் தொய்வு டிரான்ஸ்ஃபார்மரின் செப்புக் கம்பியிலும் சோக்கிலும் கண்டென்சரின் அளவிலும் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று: ஒற்றை அவுட்புட் வால்வு கொண்ட சிறிய ஆம்ப்கள் 'ஏ' வகுப்பில் ஓடுபவை. ஃபெண்டர் சாம்ப் அப்படித்தான். ஈஎல்84 ஒன்றை வைத்த வீட்டு ரேடியோவும் அப்படித்தான். அவை அமைதியாக இருந்தாலும் அலறினாலும் எடுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றே. மின்னோட்டம் மாறாதபோது வீழ்ச்சியும் மாறாது, தொய்வும் இல்லை. சாம்ப்பில் ரெக்டிஃபயரை மாற்றி 'தொய்வு கூடிவிட்டது' என்று சொல்பவர் கேட்பது வோல்டேஜ் வித்தியாசத்தை. அல்லது செலவழித்த காசை.

இனி சமவெளிக்கு வருவோம். பழனி மலைக்கும் சிறுமலைக்கும் நடுவே கிடக்கும் இந்த நிலத்தில் விவசாயம் பெரும்பாலும் கிணற்றை நம்பியது. ஆத்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் எங்கே பார்த்தாலும் பம்புசெட். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஓடும்போது எடுப்பது நாலு கிலோவாட்டை ஒட்டி. கிளம்பும் நொடியில் அதன் மின்னோட்டம் ஐந்தாறு மடங்கு எகிறும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொங்கும் நீளமான லைனின் கடைசியில் கோயில் இருந்தால், மோட்டார்கள் ஓடும் வரை அங்கே 230 வோல்ட் என்பது காகிதத்தில் மட்டும்தான். 180க்கு வந்துவிட்டால் டியூப் லைட் கண்ணடிக்கும், மைக் செட்டில் குரல் கம்மும்.

அந்தக் கம்மலில் ரெக்டிஃபயரின் பங்கு சுவையானது. 230க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு 180 கிடைத்தால் 5 வோல்ட் இழைக்கு 3.9 வோல்ட்தான் போகும். கேத்தோடின் வெப்பநிலை பத்து சதவீதத்தை ஒட்டிக் குறையும். கேட்கும்போது பெரிதாகத் தோன்றாது. ஆனால் சூடான பரப்பிலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் அளவு, வெப்பநிலையோடு அடுக்குக்குறி வேகத்தில் மாறுவது. ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928ஆம் ஆண்டின் நோபல் பரிசைத் தந்த விதி இதுதான். பத்து சதவீதம் ஆறினால் உமிழ்வு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. புது வால்வில் கையிருப்பு தாராளமாக இருப்பதால் சமாளித்துக்கொள்ளும். பூச்சு தேய்ந்த பழைய வால்வு அன்று இரவே கைவிரிக்கும். அதனால்தான் வால்வு அட்டவணைகள் இழை வோல்டேஜ் பத்து சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று வரம்பு கட்டின. சமவெளியின் மாலைநேர சப்ளை அந்த வரம்பைப் படித்ததாகத் தெரியவில்லை.

பழைய செட்களின் முதுகில் ஒரு வோல்டேஜ் மாற்றி இருக்கும். 200, 220, 245 என்று குறியிட்ட துளைகள், நடுவில் ஒரு செருகி. லோ வோல்டேஜ் என்றால் செருகியை 200க்கு இறக்கிவிடலாம், குரல் உடனே தெளியும். இதைக் கண்டவர்கள் அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? நள்ளிரவுக்கு மேல் மோட்டார்கள் நிற்கும், லைன் 240ஐத் தாண்டும். 200க்கு வைத்த ஆம்ப்புக்கு அது 20 சதவீத அதிகம். இழைக்கு 6 வோல்ட், அவுட்புட் வால்வுகளுக்கும் அதே விகிதத்தில் உபரி. சாமி ஊர்வலம் திரும்பும் நேரத்தில் மைக் செட் மௌனமானதற்கு ஊரில் யார் யாரையோ காரணம் சொல்வார்கள். கோட்டை மாரியம்மனுக்கு மாசித் திருவிழா நடக்கும் நகரத்துக்குள் லைன் குட்டை, சிக்கல் குறைவு. கிராமங்களில் செருகியை மாற்றியவர் விடியும் வரை அதன் பக்கத்திலேயே உட்கார வேண்டும்.

வண்டியில் ஏறிய மைக் செட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை. 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று வென்ற, அ.தி.மு.க.வின் முதல் தேர்தல் அது. பிரச்சார வண்டிக்கு மின்சாரம் தருவது 12 வோல்ட் பேட்டரி. வால்வுக்கோ 300 வோல்ட் வேண்டும், பேட்டரி டி.சி.யை வைப்ரேட்டரால் வெட்டி ஏ.சி.யாக்கி, உயர்த்தி, மறுபடி ரெக்டிஃபயரால் டி.சி.யாக்க வேண்டும். இழைகள் தின்னும் மின்சாரம் தனி. டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு 12 வோல்டே போதும். ரெக்டிஃபயர் என்ற உறுப்பே தேவைப்படாத இடம் வண்டிதான். அதனால் வால்வு முதலில் வண்டிகளிலிருந்து இறங்கியது, கோயில் மேடையில் இன்னும் கொஞ்ச காலம் குடியிருந்தது.

அந்தக் கொஞ்ச காலத்தில்தான் பிஒய்127 வருகிறது. வானொலி பழுதுபார்த்த எவருக்கும் இந்தச் சிலிக்கான் டையோடைத் தெரியும். இந்தியாவில் வால்வுகள் அரிய பொருளாக இருந்தவை என்று சொல்ல முடியாது. 1954இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961 முதலே ரேடியோ வால்வுகளைச் செய்தது. அடுத்த ஆண்டே ஜெர்மேனியம் குறைக்கடத்திகளையும் செய்யத் தொடங்கியது. ஆனாலும் ரெக்டிஃபயர் வால்வு போய்விட்டால், புதியது வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்புவதைவிட, சாக்கெட்டின் அடியில் இரண்டு டையோடுகளைப் பற்றவைத்து அன்றைய கச்சேரியை முடிப்பது சுலபம். போஸின் படிகம் ஃபிளெமிங்கின் வெற்றிடத்தை மாற்றிய இடம் இதுதான். பெரிய ஆய்வகத்தில் இல்லை, ஈயப்பற்றுப் புகைக்கு நடுவே மேசையில்.

அந்த மெக்கானிக்கின் தேர்வில் ஒரு நல்ல பொறியியல் இருந்தது, தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும். 300-0-300 டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்க உச்சம் 424 வோல்ட். ஒரு டையோடு வேலை செய்யாத அரைச் சுற்றில் அதன்மேல் விழுவது இதன் இருமடங்கு, 848 வோல்ட். மெயின் பத்து சதவீதம் ஏறினால் 930ஐத் தாண்டும். இன்று எங்கும் கிடைக்கும் 1என்4007 தாங்குவது 1,000 வோல்ட், விளிம்பில் நடப்பது. பிஒய்127 தாங்குவது 1,250. இன்று இந்த வேலையைச் செய்பவர் 1என்4007 போடுவதானால் ஒரு பக்கத்துக்கு இரண்டாகத் தொடரில் போட வேண்டும்.

தவறு வேறிடத்தில் நடந்தது. வால்வின் 40, 50 வோல்ட் வீழ்ச்சி திடீரென்று காணாமல் போகும். அத்தனையும் மற்ற வால்வுகள் மேல் ஏறும். அதைவிட மோசமானது நேரம். ஜிஇசட்34 போன்ற மறைமுகச் சூடேற்று வால்வு மெதுவாக விழித்தெழும். அதற்குள் மற்ற வால்வுகளும் சூடாகித் தயாராகியிருக்கும். சிலிக்கானோ சுவிட்சைப் போட்ட கணமே முழு வோல்டேஜையும் கொட்டும். இன்னும் சூடேறாத வால்வுகள் எதையும் எடுப்பதில்லை, ஆகவே கண்டென்சர்கள் 424ஐயும் தாண்டிய உச்சத்தை முழுசாக வாங்குகின்றன. 350 அல்லது 400 வோல்ட் என்று அச்சிட்ட பழைய கண்டென்சர் அதைச் சில நாள் பொறுக்கும். பிறகு உப்பும், கசியும், சில சமயம் வெடிக்கும். 5ஒய்3 நேரடிச் சூடேற்று வால்வு என்பதால் அதுவும் சீக்கிரம் விழிப்பதே. ஆனால் மற்ற வால்வுகள் சூடேறிய பின் அதன் வீழ்ச்சி உடனிருக்கும். டையோடு போடுவது குற்றமில்லை. போட்ட பின் ஒரு வயர்வவுண்ட் ரெசிஸ்டன்ஸைத் தொடரில் வைத்து, ஆம்ப் சூடான பிறகு அளந்து, பழைய வோல்டேஜுக்குக் கொண்டுவராமல் விடுவதுதான் குற்றம்.

வால்வைக் காப்பாற்றியவர்கள் வேறு வழியில் கொன்றதும் உண்டு. முனகல் கேட்டால் 'பெரிய கண்டென்சரா போடு' என்பது எல்லோரும் சொல்லும் வைத்தியம். முதல் கண்டென்சர் பெரிதாகப் பெரிதாக, ரெக்டிஃபயர் ஒவ்வொரு துடிப்பின் உச்சியிலும் குறுகிய நேரத்தில் அதிக மின்னோட்டத்தை அள்ளிக் கொடுக்க வேண்டியிருக்கும். சராசரி 80 மில்லி ஆம்பியர் என்று மீட்டர் காட்டும், உள்ளே உச்சம் அதைப்போலப் பல மடங்கு. 5ஒய்3க்கு 20 மைக்ரோஃபாரட், 5யு4ஜிபிக்கு 40, ஈஇசட்80க்கு 50, ஜிஇசட்34க்கு 60 என்று வரம்புகள் உண்டு. 16 இருந்த இடத்தில் 100 போட்டால் முனகல் போகும், வால்வும் போகும். கூடுதல் கண்டென்சர் வேண்டுமென்றால் சோக்குக்கு அந்தப்பக்கம் வையுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய ஃபெண்டர் உங்களிடம் இருந்தால் ஒரு வார்த்தை. அது 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், 50 ஹெர்ட்ஸை மாற்றாது. அதே வோல்டேஜில் அதிர்வெண் 60இலிருந்து 50க்கு இறங்கினால் இரும்பு உள்ளகத்தில் காந்தப்பாயம் 20 சதவீதம் கூடுகிறது, ஏற்கெனவே இறுக்கமாகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் சூடாகிறது. அந்த ஆம்ப்பில் அதிகப் பசியுள்ள ரெக்டிஃபயரைப் போடவே போடாதீர்கள்.

கையை உள்ளே விடுவதற்கு முன் கண்டென்சரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டீ குடித்துவிட்டு வந்தாலும் உள்ளே 400 வோல்ட் காத்திருக்கலாம். 32 மைக்ரோஃபாரடில் அது இரண்டரை ஜூல். இதயத்துக்குப் பக்கத்தில் பாய்ந்தால் விளையாட்டல்ல. ஒரு 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டன்ஸைக் காப்பிட்ட கம்பியோடு சேர்த்துக் கண்டென்சருக்குக் குறுக்கே பிடித்து, மீட்டரில் சுழி வரும் வரை பொறுங்கள். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்வது வீரமாகத் தோன்றும்; கண்டென்சருக்கும் கண்ணுக்கும் அது நல்லதில்லை.

பிறகு மாற்றலாம். மாற்றும் முன் இருக்கிற வால்வில் மூன்றை அளந்து எழுதிவையுங்கள்: இழை வோல்டேஜ், ரெக்டிஃபயர் கேத்தோடில் டி.சி., அவுட்புட் வால்வின் கேத்தோடு ரெசிஸ்டன்ஸ்மேல் விழும் வோல்ட். புதியதைப் போட்டு, கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே மூன்றை மீண்டும் அளந்து பாருங்கள். இழை 5 வோல்டுக்குக் கீழே நழுவியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் திணறுகிறது. அவுட்புட் வால்வின் வாட் வரம்பைத் தாண்டியிருந்தால் பழைய வால்வையே திரும்பப் போடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அதன் பிறகு காதைக் கேளுங்கள்.

திண்டுக்கல் பக்கத்து சவுண்ட் சர்வீஸ் கிடங்குகளில், பந்தல் துணிக்கும் புனல் ஒலிபெருக்கிக்கும் அடியில், இப்படிப்பட்ட ஆம்ப் ஒன்றிரண்டு இன்னும் கிடக்கலாம். செப்புக்காக எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதேபோல் தூசி தட்டிய கையோடு நேரே சுவரிலும் செருகிவிடாதீர்கள். 100 வாட் குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் போர்டு வழியாக முதலில் சப்ளை கொடுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து சொல்லிவிடும். ரெக்டிஃபயர் வால்வு போதிய சூடு இல்லாமல் கடத்தாது என்பதால், பல்போடு ஓடும்போது மற்ற வால்வுகளுக்கு வோல்டேஜ் போகாமல் இருக்கலாம். அதைப் பார்த்து வால்வு செத்துவிட்டது என்று முடிவு கட்டித் தூக்கி எறிய வேண்டாம். பல்பை எடுத்துவிட்டு முழு சப்ளையில் ஒருமுறை பாருங்கள். பழைய ரெக்டிஃபயர்களில் கணிசமானவை இன்னும் நன்றாகவே வேலை செய்பவை. கெட்டிருப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் கண்டென்சர்தான்.